ஓட்டையில்லா அட்டைகள்

நான் கட்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்வார்கள் என்று வெகுகாலம் காத்திருந்து பார்த்தாயிற்று. ஒருவரும் வாய் திறக்கவில்லை.

காஞ்சிபுரத்தில் ஓர் அட்டைக் கடை கட்டினேன். பட்டுத்தறியின் தலைமேல் ஒரு பெட்டி உட்கார்ந்திருக்கும்; ஓட்டை போட்ட அட்டைகள் மாலைபோல் கோத்து அதைச் சுற்றி வரும். எந்த அட்டையில் எங்கே ஓட்டையோ அங்கே இழை தூக்கும், ஜரிகை ஓடும், மயிலோ மாங்காயோ சேலையில் விழும். அந்த ஓட்டையைப் போடுகிறவன் நான். தாமல் ஏரித் தண்ணீர் பாயும் வயலில் என் அப்பாவும் அம்மாவும் நாற்று நட்டார்கள். நிலம் அடுத்தவருடையது, நாற்று அடுத்தவருடையது, முதுகு மட்டும்தான் சொந்தம். அங்கிருந்து ஐந்தாம் வகுப்போடு கிளம்பி வந்தவன், “உனக்குத் தறியப் பத்தி இன்னா தெரியும்?” என்று கேட்டவர்களுக்கே பிற்பாடு அட்டை அடித்துக் கொடுத்தேன். செத்துப்போய்விட்டது என்று பெங்களூர் மெக்கானிக் கைவிட்ட ஓட்டை போடும் மெஷினை சைக்கிள் கடை ஸ்பிரிங் போட்டு எழுப்பினேன். மெஷின் இன்றும் ஓடுகிறது. மெக்கானிக்தான் ஓய்வு பெற்றுவிட்டார்.

சின்ன காஞ்சிபுரத்தில் மாடி வீடு கட்டினேன். குளியலறையில் கூரையைத் தொடும்வரை டைல்ஸ். நான் பிறந்த தெருப்பக்கம் சாமி ஊர்வலம் திரும்பியதே கிடையாது. இப்போது என் வாசலில் நின்று கற்பூரம் வாங்கிக்கொண்டு போகிறது. தண்ணீரே வராது என்று நீரோட்டம் பார்ப்பவர் அடித்துச் சொன்ன இடத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டேன். உப்புத் தண்ணீர்தான். ஆனால் வந்தது. திருப்பருத்திக்குன்றம் போகிற வழியில் ஒரு மனை வாங்கி, சுற்றி மதில் எழுப்பி, மதிலுக்கு ஒரு கேட்டும் போட்டேன். கேட்டுக்குள்ளே ஒன்றும் இல்லை. ஆனால் நல்ல கேட்.

இத்தனைக்கும் மேலே ஒன்று இருக்கிறது. உயிரியலில் ஒரு டாக்டர் பட்டம். பட்டம் என் மருமகளுடையது, ஒத்துக்கொள்கிறேன். ஆராய்ச்சி அவளுடையது, அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கடைசிக் கல்லை எடுத்து வைத்தவன் யார் என்று ஒரு கேள்வி இருக்கிறதல்லவா? அதற்காகத்தான் பேனாவை எடுத்தேன்.

என் மகன் கல்லூரியில் பார்த்துப் பிடித்துக் கட்டிக்கொண்டு வந்த பெண் அவள். வேலூர்ப் பக்கம். வீட்டுக்கு வந்த நாள் முதலே, வாரத்தில் பாதி நாள் சென்னைப் பேருந்தில் இருப்பாள், மீதி நாள் மடிக்கணினிக்கு முன்னால் இருப்பாள். குழந்தை பிறந்தபோது கொஞ்சம் நிறுத்தினாள், பிறகு மறுபடி ஓடினாள். அவள் என்ன படிக்கிறாள் என்று யாராவது கேட்டால், “உடம்புக்குள்ள இருக்குறது” என்று சொல்லிச் சமாளிப்பேன். அதற்குமேல் எனக்கும் தெரியாது. அதுவரையில் எனக்குத் தெரியாத விஷயம் ஊரில் ஒன்று இருந்தது என்று இதை வைத்துத்தான் சொல்ல முடியும்.

ஆய்வேட்டை எழுதிக் கொடுத்துவிட்டாள். கடைசிப் படி ஒன்று பாக்கி. வாய்மொழித் தேர்வு. வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் வருவார், எல்லார் முன்னிலையிலும் கேள்வி கேட்பார், இவள் பதில் சொல்ல வேண்டும். ஒரு கல்லூரியில் அவளுக்கு வேலை தயாராக இருந்தது. பட்டம் கைக்கு வந்தால்தான் அந்த நாற்காலி. தேர்வுக்கு ஒத்திகை பார்த்துவிட்டு வந்தவள் ஒரு சாயங்காலம் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டாள்.

“இன்னாம்மா ஆச்சு?” என்று என் மனைவி கேட்டாள்.

“நின்னுட்டேன் அத்த. ஒரு கேள்வி கேட்டாரு எங்க சாரு. வாய் வரல.”

“தெரியாத கேள்வியா?”

“தெரிஞ்ச கேள்விதான். அதுதான் கஷ்டம். பதில் சொல்ல ஆரம்பிச்சா கால் மணி நேரம் ஆவுது. அவரு ஒரே ஒரு வாக்கியம் கேக்குறாரு. வெளியில இருந்து வர்றவரும் கண்டிப்பா இதத்தான் கேப்பாராம்.”

“இன்னா கேள்வி?” இது நான்.

என்னைப் பார்த்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பது தெரிந்தது. நான் நாற்காலியை இழுத்து எதிரே போட்டுவிட்டேன். நான் நாற்காலியை இழுத்துப் போட்டால் எழுந்திருக்க மாட்டேன் என்பது குடும்பத்துக்கே தெரியும்.

“மாமா, ரத்தத்துல ஹார்மோன் போவுது இல்ல? அத சாமி ஊர்வலம்னு வச்சிக்குங்க. எல்லாத் தெருவுக்கும் போவும். ஆனா கற்பூரத் தட்டோட வாசல்ல ஆள் நின்னாத்தான் அங்க நிக்கும். அந்தத் தட்டுக்காரங்கதான் ஏற்பி. ஹார்மோன வாங்கிக்கிறவங்க.”

“சரி.”

“பயந்தா, பட்டினி கெடந்தா ஊறுற ஹார்மோன் ஒண்ணு இருக்குது. அதோட ஏற்பியத்தான் நான் பாத்தேன். ஈரல்ல தெருவடைச்சிக்கினு தட்டு. மூளையில நடுத்தரம். தசையில நான் பாத்த வரைக்கும் அங்க ஒண்ணு இங்க ஒண்ணு.”

“ஈரலுக்கு ஒரு ஜீன், தசைக்கு ஒரு ஜீனா?”

“அதான் இல்ல! எல்லாத்துலயும் ஒரே ஜீன். ஒரே தட்டு. அப்புறம் கூட்டம் மட்டும் ஏன் வித்தியாசப்படுது? அதான் மாமா என் ஆறு வருஷம்.”

பிறகு அவள் சொன்னதை நான் என் வார்த்தையில் சொல்கிறேன். செல் அந்த ஜீனிலிருந்து ஒரு நகல் எடுக்கிறது. நகலின் நடுப்பாகம்தான் ஏற்பியாக உருவாகும். நகலுக்கு முன்னால் ஒரு துண்டும் பின்னால் ஒரு துண்டும் இருக்கின்றன. அவை எதுவாகவும் உருவாவதில்லை. மொழிபெயர்க்கப்படாத பகுதி என்று அதற்குப் பெயர். முன் துண்டில் பல வகை உண்டாம். ஈரல் ஒரு வகையை எடுத்து ஒட்டிக்கொள்ளும், தசை வேறு வகையை ஒட்டிக்கொள்ளும். நடுப்பாகம் எல்லா இடத்திலும் அதேதான், வருகிற ஏற்பியும் அதேதான். ஆனால் எவ்வளவு வரும் என்பதில் இந்த முன் துண்டுக்குக் கை இருக்கிறது. ஒரு துண்டு பிரேக் போடும், இன்னொன்று விட்டுக்கொடுக்கும். பின் துண்டும் சும்மா இல்லையாம். அது வேறொருவரின் ஆராய்ச்சி, அதில் நாம் தலையிட வேண்டாம் என்றாள்.

“இப்ப கேள்வி இதான் மாமா. அந்தத் துண்டு எதையும் செய்யறதில்லன்னா, செல்லு ஏன் அத சுமந்துக்கினு இருக்குது? ஒரு வாக்கியத்துல சொல்லணும்.”

“நம்ம வீட்டுலயும் ஒண்ணு இருக்குது, நாற்காலி போட்டுக்கினு,” என்றாள் என் மனைவி. “சுமந்துக்கினுதான் இருக்கேன். ஏன்னு கேட்டா நானும் வாய் தொறக்க மாட்டேன்.”

அவள் பேச்சை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். மருமகள் முகம்தான் எனக்குச் சங்கடமாக இருந்தது. சிரித்தாள், ஆனால் செருப்பு இன்னும் காலிலேயே இருந்தது.

மறுநாள் கடையில் தாமரைப் புட்டாவுக்கு அட்டை அடித்துக்கொண்டிருந்தேன். புட்டா என்றால் சேலை உடலில் அங்கங்கே தெளித்தமாதிரி விழுகிற சின்னப் பூ. பூவுக்கு உண்டான அட்டைகளை அடித்து முடித்தேன். பிறகு கை தன்போக்கில் ஓட்டையில்லா அட்டைகளை எடுத்துக் கோத்தது. ஒரு பூவுக்கும் அடுத்த பூவுக்கும் நடுவே வெறும் பட்டு வர வேண்டுமே, அதற்காக. கயிறு கோக்கவும், அட்டையைச் சுற்றுகிற கட்டை பிடிக்கவும் ஓரத்தில் துளை இருக்கும். டிசைன் ஓட்டை ஒன்றுகூட இருக்காது. அந்த அட்டை சுற்றி வரும்போது பூ இழை ஒன்றும் தூக்காது. ஓட்டையில்லா அட்டை குறைந்தால் பூ நெருங்கும். கூடினால் விலகும். பூ அதே பூ.

கை அப்படியே நின்றுவிட்டது.

கடையைப் பூட்டினேனா என்று கேட்காதீர்கள். மொபெட்டை எடுத்தேன். காந்தி ரோட்டில் யார் மேலெல்லாம் ஹாரன் அடித்தேன் என்று தெரியாது. வீட்டுக்குள் நுழைந்து, “அம்மா! உன் முன் துண்டு என் கடையில இருக்குது!” என்று கத்தினேன்.

குளியலறைக்குள்ளிருந்து குரல் வந்தது. “மாமா, தலைக்கு ஊத்திக்கினு இருக்கேன்!”

“ஊத்து, ஊத்து. காது வெளியதான இருக்குது, கேளு!” கூரைவரை டைல்ஸ் போட்ட குளியலறை, குரல் நன்றாக எதிரொலிக்கும். கதவுக்கு வெளியே நின்றபடி முழுவதையும் சொன்னேன். உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது. பிறகு தலையில் துண்டோடு வெளியே வந்தாள்.

“கிட்டத்தட்ட,” என்றாள்.

“கிட்டத்தட்டன்னா?”

“உங்க அட்டை சும்மா இருந்து எடம் விடுது. எங்க துண்டு சும்மா இருக்காது மாமா. அது மடிஞ்சிக்கும், முடிச்சு போட்டுக்கும், வழியில தடை வைக்கும். உவமை ஒரு அளவுக்குத்தான்.”

“மடியட்டும், முடிச்சு போட்டுக்கட்டும். தட்டு நெருங்கறதும் வெலகறதும் அதால ஆவுதா இல்லியா?”

“ஆவுது.”

“அப்போ அளவ நான் பாத்துக்கறேன்.”

அன்றிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. டீக்கடையில் சொன்னேன். முடிவெட்டுகிற இடத்தில் சொன்னேன், பாதித் தலையோடு எழுந்து கையை ஆட்டிச் சொன்னேன். பத்திரிகை வைக்க வந்தவர்களை உட்கார வைத்து ஈரலைப் பற்றிச் சொன்னேன். கல்யாணம் எந்த மண்டபத்தில் என்று கேட்க மறந்துவிட்டேன். மூன்று வீடு தள்ளியிருப்பவர், சர்க்கரைக்காரர், “அப்போ இதுல சர்க்கரை கொறையுமா?” என்று கேட்டார். “குறையாம?” என்று சொல்லிவிட்டேன். அவர் மாத்திரையை நிறுத்தலாமா என்று கேட்டுக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். மருமகள் அவரைப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்து, இது அந்த ஹார்மோனே இல்லை, மாத்திரையை ஒரு வேளைகூட விடக் கூடாது என்று பொறுமையாகச் சொல்லி, கையோடு அவர் மனைவியிடமும் சொல்லிவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு ஈரலைத் தாண்டி எதையும் பேச எனக்கு வீட்டில் அனுமதி இல்லை.

இந்தச் சமயத்தில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. தேர்வன்று அவள் ஒரு பட்டுச்சேலை கட்டிக்கொண்டுதான் போகப்போகிறாள். அந்தச் சேலையிலேயே படிப்பைப் போட்டுவிட்டால்?

“அவ பேசப்போறாளா, உங்க சேல பேசப்போவுதா?” என்று என் மனைவி கேட்டாள்.

“ரெண்டும் பேசும்.”

“மூணாவதா நீங்க ஒருத்தர் பேசாம இருந்தா சரி.”

மருமகள் மறுக்கவில்லை. ஏற்பியின் உருவத்தை ஒரு தாளில் வரைந்து கொடுத்தாள். இரண்டு காது வைத்த கிண்ணம் மாதிரி இருந்தது. அதைக் கட்டம் போட்ட காகிதத்தில் ஏற்றி, புட்டாவாக்கி, நானே அட்டை அடித்தேன். கத்தரிப்பூ நிறத்தில் உடல், ஜரிகையில் கிண்ணம். சேலை முழுக்க அதே கிண்ணம், ஒரே கிண்ணம். முதல் பாகம் தசை: நடுவில் ஓட்டையில்லா அட்டைகள் ஏராளம், கிண்ணங்கள் அங்கொன்று இங்கொன்று. அடுத்த பாகம் மூளை: அதில் பாதி. முந்தானைக்கு முன்னால் வரும் பாகம் ஈரல்: கொஞ்சமே கொஞ்சம் ஓட்டையில்லா அட்டை, கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே கிண்ணம்.

நெய்தவர் பிள்ளையார்பாளையத்தில் இருக்கிற என் சிநேகிதர். தலைமுறை தலைமுறையாகக் கோயிலுக்குப் பரிவட்டம் நெய்து கொடுக்கிற குடும்பம். முதன்முதலில் எனக்கு அட்டை வேலை கொடுத்தவரும் அவர்தான். கொடுத்த நாளிலிருந்து வையாத நாளும் கிடையாது. காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இன்னாபா இது, ஜாங்கிரியா?”

“ஏற்பி. நம்ம ஒடம்புக்குள்ள இருக்குறது.”

“என் ஒடம்புலயுமா?”

“உன் ஒடம்புலயும்தான்.”

“இத்தினி வருஷம் வச்சிக்கினு இருந்திருக்கேன், ஒரு வார்த்த சொல்லலியே யாரும்!” என்று நெஞ்சைத் தடவிப் பார்த்துக்கொண்டார். “ஜரிகையில போடற அளவுக்கு ஒசத்தியா அது?”

தசைக்கும் மூளைக்கும் நானே அட்டையைக் கோத்துத் தறியில் ஏற்றிவிட்டு வந்தேன். ஈரல் அட்டையை மட்டும் தனிக் கட்டாகக் கொடுத்து, நேரம் வரும்போது கோத்துக்கொள்ளச் சொன்னேன். “ஈரல் பக்கம் நல்லா நெருக்கமா வரணும்பா. நீ ஒண்ணும் யோசிக்காத” என்று ஒரு வார்த்தையும் சொல்லிவிட்டு வந்தேன். அவர் யோசிக்கவில்லை.

தேர்வுத் தேதி நினைத்ததைவிட முன்னால் வந்து நின்றது. அடுத்த வாரம் தேர்வு என்ற நிலையில், சேலை எங்கே இருக்கிறது என்று பார்க்கப் போனேன். தசை அழகு. மூளை அழகு. ஈரலுக்கு வந்தேன். கிண்ணங்கள் ஒன்றின் தலைமேல் ஒன்று ஏறி நின்றன. காது எது, வாய் எது என்று தெரியவில்லை. ஒரு சாண் அகலத்துக்குக் கட்டியான ஜரிகைச் சுவர். கருடசேவையன்று கோபுர வாசலில் கூட்டம் நெரியுமே, அப்படி.

“யோவ், இன்னாய்யா பண்ணி வச்சிருக்க?”

“நீ சொன்னதுதான். நெருக்கம்னியே.”

“நெருக்கம்னா ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கினு நிக்கச் சொன்னேனா? நடுவுல வச்ச ஓட்டையில்லாத அட்டை எங்க?”

“அதுவா? அது உபரி.”

“எது உபரி?”

“நீதான்யா எப்பவும் அள்ளி அள்ளிக் குடுப்ப! மத்த கடைக்காரன் ரெண்டு குடுத்தா நீ பத்து குடுப்ப. அந்த மாதிரின்னு உருவிட்டேன்.”

இதை விளக்க வேண்டும். அட்டைக் கட்டு கொடுக்கும்போது, எது கிழிந்தாலும் அதே மாதிரி ஓட்டை போட்டு மாற்றிக்கொள்ள, ஓட்டையில்லாத அட்டை சிலதை உபரியாகச் சேர்த்துக் கொடுப்பது எங்கள் தொழிலில் வழக்கம். அதில் நான் தாராளம். காஞ்சிபுரத்தில் என்னைவிடத் தாராளமாக உபரி அட்டை கொடுத்தவன் இல்லை. யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளலாம். அந்தத் தாராளம்தான் இங்கே வந்து கழுத்தைப் பிடித்தது.

“எங்க வச்சிருக்க?”

அவர் மனைவி சமையற்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தார். “நல்லா கெட்டி அட்டையா இருந்துதுண்ணே” என்றார். ஊறுகாய் ஜாடிமேல் ஒன்று, தண்ணீர்க் குடத்தின்மேல் ஒன்று, ஆடுகிற மேஜைக் காலுக்கடியில் இரண்டு, மீதி அடுப்புக்கு விசிறியாக. ஈரல் முழுவதும் சமையற்கட்டில் பரவிக் கிடந்தது.

பிரிக்கவும் முடியாது. ஜரிகையைப் பிரித்தால் பட்டில் தழும்பு விழும். தறியில் புதிதாகப் பாவு இழை ஏற்றி நெய்யவோ நாள் இல்லை. நான் தறிக்குழியின் ஓரத்தில் உட்கார்ந்தேன். அவரும் உட்கார்ந்தார். நான் அவரை முறைத்தேன், அவர் கூரையைப் பார்த்தார். சேலை போனால் போகட்டும். மருமகள் இதை நம்பிக்கொண்டிருந்தாள். ஒத்திகையில் நின்றுபோன வாய்க்கு இந்தச் சேலை ஒரு தைரியம் என்று எனக்குத் தெரியும். அதைப் போய் இப்படி ஜாங்கிரிக் கடையாக்கி வைத்திருக்கிறோமே.

சொல்லித்தானே ஆக வேண்டும். போன் போட்டேன். அவள் ஸ்கூட்டியில் நேராகத் தறி வீட்டுக்கே வந்துவிட்டாள். குனிந்து பார்த்தாள். விரலால் அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து என் சிநேகிதர் சொம்பில் தண்ணீர் எடுக்க ஓடினார்.

அழவில்லை. தறித் தூணைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள்! கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறாள்.

“மாமா, இது என் நாலாவது வருஷம்!”

“எதும்மா?”

“லேப்ல இதே வேலதான் நான் பண்ணேன். அந்த முன் துண்ட வெட்டிட்டு நடுவ மட்டும் செல்லுக்குக் குடுத்தேன். பிரேக்கே இல்லாம ஏற்பி பொங்கி வழிஞ்சிது. அத ஒரு படமா எடுக்க எனக்கு வருஷம் ஓடிப்போச்சு. நீங்க ஒரு வாரத்துல நெய்ஞ்சிட்டீங்க!”

என் சிநேகிதர் சொம்போடு நின்றவர் நிமிர்ந்தார். “நான் அதுக்காகத்தாம்மா உருவுனேன்” என்றார்.

“யோவ்!” என்றேன்.

“பிரிக்காதீங்க மாமா. அட்டைய திரும்ப வச்சி மிச்ச ஈரல சரியா நெய்ங்க. தப்பும் வேணும், சரியும் வேணும், பக்கத்துல பக்கத்துல. இது இல்லாம எனக்குப் பேச்சே வராது இப்போ.”

ஜாடி திறந்தது, குடம் திறந்தது, மேஜை ஆடியது. எல்லா அட்டையையும் துடைத்து எடுத்தோம். ஒன்றில் மாங்காய் ஊறுகாய் எண்ணெய் ஊறியிருந்தது. அதற்கு மட்டும் மாற்று கொடுத்தேன். என்னிடம் உபரி இருந்தது.

தேர்வுக்குச் சென்னைக்கு வேன் வைத்துக்கொண்டு போனோம். நான், என் மனைவி, மகன், குழந்தை, அழைக்காமலே ஏறிக்கொண்ட என் சிநேகிதர். பொதுவில் நடக்கிற தேர்வாம், யார் வேண்டுமானாலும் உட்காரலாம், கேள்வியும் கேட்கலாம் என்று மகன் சொல்லிவிட்டான். நான் இரண்டு கேள்வி தயார் செய்து வைத்திருந்தேன். என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து என் சட்டை ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டாள்.

வெளியூர்ப் பேராசிரியர் தமிழர்தான். ஆனால் இங்கிலீஷில்தான் இருமுவார். மருமகள் படம் படமாகப் போட்டுக் காட்டினாள். பக்கத்திலிருந்த மாணவர்கள் பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கண்ணாடியைக் கழற்றுகிறார் என்றால் அந்தக் கேள்விதான் வரும் என்று தோன்றியது.

அந்தக் கேள்வியேதான். இங்கிலீஷில் கேட்டாலும் எனக்குப் புரிந்தது.

அவள் வாயைத் திறந்தாள். மூடினாள். ஐயோ, நின்றுவிட்டாள். என் கை தானாக மேலே எழுந்தது. என் மனைவி சட்டை ஓரத்தை இறுக்கிப் பிடித்து இழுத்தாள். என் சிநேகிதர் எனக்கு மறுபக்கம், “சேலம்மா, சேல” என்று முணுமுணுத்தார். அது அவருக்குத்தான் முணுமுணுப்பு. தறிச் சத்தத்தில் பேசிப் பழகிய தொண்டை, மண்டபத்துக்கே கேட்டது.

அவள் சிரித்துவிட்டாள். இடுப்பிலிருந்து தோளுக்கு ஏறுகிற பாகத்தை இரண்டு கையாலும் விரித்து முன்னால் பிடித்தாள். ஜரிகைச் சுவர் ஒரு பக்கம், அதை ஒட்டினாற்போல் ஒழுங்கான கிண்ணங்கள் ஒரு பக்கம்.

“சார், ரெண்டுமே ஒரே டிசைன்தான். பூ போடாத அட்டைய எடுத்துட்டா இப்படி நெரியும், வச்சா இப்படி நிக்கும். அந்தத் துண்டு ஏற்பிய செய்யறதில்ல சார். எந்த எடத்துல எவ்வளவு செய்யணும்னு சொல்லுது.”

முதலில் தமிழில் வந்துவிட்டது. பிறகு இங்கிலீஷில் சொன்னாள். பேராசிரியர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுந்து வந்து சேலையைக் குனிந்து பார்த்தார். “தசை எங்கே?” என்று தமிழில் கேட்டார். “கொசுவத்துல சார்” என்றாள். மண்டபம் சிரித்தது, பிஸ்கட்டை விட்டுவிட்டு எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு அவர் சரம் சரமாகக் கேட்டார், அவள் சரம் சரமாகச் சொன்னாள். ஓட்டையில்லா அட்டை எங்கே பொருந்தாது என்பதையும் அவளே சொன்னாளாம், மகன் சொன்னான். அந்தப் பாகம் எனக்குப் புரியவில்லை. அதில் என் பங்கு ஒன்றும் இல்லை என்று தாராளமாக ஒப்புக்கொள்கிறேன். அதில் மட்டும்.

கொஞ்ச நேரம் வெளியே நிற்க வைத்தார்கள். பிறகு கூப்பிட்டு, பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறோம் என்று அறிவித்தார்கள். என் மனைவி என் சட்டையை விட்டாள். ஓரம் கயிறாக முறுகிக் கிடந்தது. அவள் மருமகளைக் கட்டிக்கொண்டு, “டாக்டரம்மா, டாக்டரம்மா” என்று கன்னத்தைக் கன்னத்தைத் தடவினாள். நான் மண்டபத்திலிருந்த எல்லாருக்கும், வாட்ச்மேன் உட்பட, கை கொடுத்தேன். சிலருக்கு இரண்டு முறை. என் சிநேகிதர் மாணவர்களைச் சுற்றி நிற்க வைத்துக்கொண்டு, அட்டையை உருவியது தாம்தான், அதற்கு எவ்வளவு யோசிக்க வேண்டியிருந்தது என்று பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். வேனில் திரும்பும்போது வாலாஜாபாத் தாண்டும் வரைக்கும் அவரும் நானும் இதைப் பற்றிச் சண்டை. மருமகள் நடுவில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள், கழுத்தில் யாரோ போட்ட ரோஜா மாலையோடு. இப்போது அந்தக் கல்லூரி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அவள் ஆராய்ச்சி ஒரு பத்திரிகையில் வரப்போகிறதாம். ஊர் ஊராகப் போய் அதைப் பற்றிப் பேசவும் கூப்பிடுகிறார்கள். போகிற இடமெல்லாம் முதல் படமாக அந்தச் சேலையைத்தான் போடுகிறாள். கைதட்டுகிறார்களாம். போன வாரம் எனக்கும் திரையில் போட்டுக் காட்டினாள். படத்துக்குக் கீழே இங்கிலீஷில் ஒரு வரி இருந்தது. மகனைப் படிக்கச் சொன்னேன். “காஞ்சிபுரம் பட்டுச்சேலை” என்று எழுதியிருக்கிறதாம். அவ்வளவுதான்.

“நன்றிப் பக்கத்துல உங்க ரெண்டு பேருக்கும் அன்பான ஆதரவுக்குன்னு போட்டிருக்கேனே மாமா” என்றாள்.

அன்பான ஆதரவு என் மனைவி கொடுத்தாள். அவளுக்குப் போடட்டும், நியாயம். நான் கொடுத்தது அட்டை. காஞ்சிபுரம் என்கிற ஊர் உட்கார்ந்து ஓட்டை போடவில்லை. காஞ்சிபுரம் என்கிற ஊர் மொபெட்டில் வந்து குளியலறைக் கதவைத் தட்டவில்லை. ஆகவே படத்துக்குக் கீழே, “அட்டை” என்று போட்டு, என் பெயரை அப்பா பெயரின் முதல் எழுத்தோடு, கண்ணாடி போடாமல் படிக்கிற அளவில் அச்சடிக்க வேண்டும். அதற்கடியில் “நெசவு” என்று போட்டு என் சிநேகிதர் பெயரும் வரலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. எழுத்து ஒரு சுற்றுச் சின்னதாக இருக்கட்டும். பத்திரிகை அச்சுக்குப் போகுமுன் இதைச் செய்துவிடும்மா. நான் காத்துக்கொண்டிருக்கிறேன், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு.